சென்னை முதல் கன்னியாகுமரி வரை கூட்டாகச் சைக்கிளில்: முழுமையான வழிகாட்டி

தனியாகச் சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவருக்குக் கால் பலமும் நல்ல டயரும் இருந்தால் போதும். எட்டுப் பேர் சேர்ந்து போவதென்றால் கணக்கே வேறு. ஒருவர் பஞ்சர் ஒட்டும்போது ஏழு பேர் வெயிலில் நிற்க வேண்டும். ஒருவருக்குப் பசித்தால் எல்லோருக்கும் கடை தேட வேண்டும். ஒருவர் காலையில் இருபது நிமிடம் தாமதித்தால் அந்த இருபது நிமிடம் மதியம் உச்சி வெயிலில் வந்து நிற்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக இரண்டு முறை கூட்டத்தோடு கன்னியாகுமரி போயிருக்கிறேன். முதல் முறை ராமநாதபுரத்தில் பாதிப் பேர் பஸ் ஏறிவிட்டார்கள். யாருக்கும் கால் ஓயவில்லை, வண்டியும் உடையவில்லை. ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து காத்திருந்து சலித்துப்போனார்கள், அவ்வளவுதான். இரண்டாம் முறை எட்டுப் பேரும் போய்ச் சேர்ந்தோம். அந்த இரண்டு பயணங்களில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். கூட்டுப் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் காத்திருப்பும் பசியும்தான் என்பது என் அனுபவம். ஆகவே இதில் பாதி சைக்கிளைப் பற்றியும் மீதி மனிதர்களைப் பற்றியும் இருக்கும்.

முதல் படி: ஆட்களும் மாதமும்

ஆறு முதல் எட்டுப் பேர் சரியான அளவு. எட்டுப் பேருக்கு இரட்டைக் கட்டில் அறை நான்கு போதும். சாலையோர டீக்கடை எட்டு டீயை ஒரே தடவையில் போட்டுக் கொடுத்துவிடும். பன்னிரண்டு பேர் ஆனால் கடைசி ஆளுக்கு இட்லி வருவதற்குள் முதல் ஆள் கை கழுவிவிட்டு எழுந்து நிற்பார். அங்கே தொடங்கும் முணுமுணுப்பு இரவு வரை ஓயாது.

ஒரே வேகக்காரர்களாகத் தேட வேண்டியதில்லை, அப்படிக் கிடைக்கவும் மாட்டார்கள். கூட்டத்தின் வேகம் என்பது கடைசியில் வருபவரின் வேகம்தான். இதை எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். புறப்படும் முன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள்: "நீங்கள் மணிக்கு 25 போகக்கூடியவர். தினமும் 17-ல் போகச் சம்மதமா?" தயங்குகிறவரைச் சேர்க்காமல் இருப்பது அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

மாதம் மிக முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; கடலூரும் நாகப்பட்டினமும் அப்போது பெரும்பாலும் தண்ணீரில் நிற்கும். மார்ச் பாதிக்கு மேல் வெயில் ஏறிவிடும். பொங்கல் முடிந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை உள்ள நான்கு வாரம்தான் பொன்னான காலம். இன்னொரு காரணமும் உண்டு. அந்த நாட்களில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரப் பாதை தெற்கும் தென்மேற்குமாகவே போகிறது. காற்று முதுகைத் தள்ளிக்கொண்டே வரும். அதே மாதத்தில் கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு வருவதாகத் திட்டம் போட்டால் பயணம் முழுக்க எதிர்காற்றில்தான் மிதிக்க வேண்டும்.

தைப்பூசத் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகும் பக்தர்களால் சாலையோரம் நிறைந்திருக்கும், லாட்ஜில் அறையும் கிடைக்காது.

இரண்டாம் படி: பாதையை நாட்களாகப் பிரிப்பது

மொத்தம் ஏறக்குறைய 780 கி.மீ. பாதை முழுக்கச் சமதளம், மலை ஏற்றம் என்று எதுவும் கிடையாது. இதை ஏழு நாளில் முடிப்பவர்கள் உண்டு. கூட்டமாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது பத்து நாள் ஓட்டம், ஒரு நாள் ஓய்வு.

முதல் நாள் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம், 50 கி.மீ.க்குள். "இவ்வளவுதானா?" என்று எல்லோரும் கேட்பார்கள். விடாப்பிடியாக இருங்கள். முதல் நாள்தான் கேரியர் போல்ட் தளரும், பை சக்கரத்தில் உரசும், யாரோ சார்ஜரை வீட்டில் மறந்துவிட்டு வந்தது தெரியும். இதையெல்லாம் மாமல்லபுரத்தில் மதியம் உட்கார்ந்து சரிசெய்யலாம். 150 கி.மீ. போய்ப் புதுச்சேரியில் இரவு எட்டு மணிக்கு இறங்கினால் எதையும் சரிசெய்ய முடியாது.

இரண்டாம் நாள் கல்பாக்கம், மரக்காணம் வழியாகப் புதுச்சேரி, சுமார் 95 கி.மீ. மரக்காணம் உப்பளங்கள் அருகே மறைவே கிடையாது, காற்று பக்கவாட்டில் தள்ளும், ஹேண்டிலை இறுகப் பிடிக்காமல் உறுதியாகப் பிடியுங்கள். மூன்றாம் நாள் கடலூர் வழியாகச் சிதம்பரம், 70-க்குள். அந்த இரவு இட்லியும் கொத்சும் சாப்பிடாமல் தூங்காதீர்கள்.

நான்காம் நாள் நீளமானது. கொள்ளிடம் தாண்டி, சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று சுமார் 100 கி.மீ. கொள்ளிடப் பாலத்தில் படம் எடுக்க நிற்கும் ஆசை எல்லோருக்கும் வரும், நிற்காதீர்கள். நிற்க வேண்டிய இடம் தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கித் திட்டத்தில் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் நாலு பேர் கோட்டைக்குள் இருப்பார்கள், நாலு பேர் வாசலில் கடிகாரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஐந்தாம் நாள் வேளாங்கண்ணியில் ஓய்வு. இங்கே தங்குமிடங்கள் நிறைய உண்டு, எல்லா விலையிலும் கிடைக்கும். ஆறாம் நாள் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், அங்கிருந்து உள்ளே திரும்பிப் பட்டுக்கோட்டை. ஏழாம் நாள் மணமேல்குடி, மீமிசல் தாண்டித் தொண்டி. எட்டாம் நாள் தேவிபட்டினம் வழியாக ராமநாதபுரம், 50 கி.மீ.தான், உடம்பைச் சேர்த்துவைக்கும் நாள். ஒன்பதாம் நாள் ராமநாதபுரத்திலிருந்து சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி, சுமார் 120. பயணத்திலேயே கடினமான நாள் இதுதான். பத்தாம் நாள் திருச்செந்தூருக்கு 40. கடைசி நாள் குலசேகரன்பட்டினம், மணப்பாடு, உவரி, கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரி, சுமார் 90.

தொண்டியில் லாட்ஜ்கள் குறைவு. அங்கு மட்டும் ஒரு வாரம் முன்பே போன் செய்து உறுதிசெய்யுங்கள். மற்ற ஊர்களில் முந்தின நாள் மாலை பேசினால் போதும். பேசும்போது முதல் கேள்வி வாடகையாக இருக்க வேண்டாம். "எட்டு சைக்கிள் உள்ளே வைக்க இடம் இருக்கா? கீழ்த்தளமா?" என்று கேளுங்கள். மூன்றாம் மாடிக்கு எட்டு வண்டியைத் தூக்கிய இரவு எனக்கு நினைவிருக்கிறது.

மூன்றாம் படி: உடம்பைப் பழக்குவது

எட்டு வாரம் போதும். வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம், ஞாயிறு நீண்ட ஓட்டம். ஞாயிறு ஓட்டம் 40-ல் தொடங்கி மெல்ல 60, 80 என்று ஏறட்டும். எவ்வளவு தூரம் போனோம் என்பதை விட மறுநாளும் போக முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஆறாவது வாரத்தில் சனி 70, ஞாயிறு 70 என்று அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். ஞாயிறு காலையில் சீட்டில் உட்காரும் அந்த முதல் நிமிடம் உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

இதில் குறைந்தது இரண்டு ஓட்டமாவது முழுக் கூட்டமும், முழுப் பாரமும். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய் வருவது நல்ல ஒத்திகை. யார் டீக்கு நிற்காமல் இருக்கமாட்டார், யார் பசித்தால் பேச்சை நிறுத்திவிடுவார், யார் லாரி வந்தால் பதறுவார் என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

முழங்கால் வலி வந்தால் முதலில் சீட் உயரத்தைப் பாருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முட்டிக்கு முன்பக்கம் வலிக்கும், அதிகமாக உயர்ந்திருந்தால் பின்பக்கம். மாற்றும்போது அரை சென்டிமீட்டர் மாற்றி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் கியர். பலமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிப்பது வீரம் போலத் தெரியும், ஆனால் மூன்றாம் நாள் முட்டி பழிவாங்கும். இலேசான கியரில், நிமிடத்துக்கு எண்பது சுற்று வருகிற மாதிரி மிதித்துப் பழகுங்கள்.

நான்காம் படி: வண்டியும் பாரமும்

விலை உயர்ந்த வண்டி தேவையில்லை. 32 முதல் 38 மி.மீ. அகல டயர் உள்ள ஹைபிரிட் சைக்கிள் இந்தப் பாதைக்கு அருமையாகப் பொருந்தும். முடிந்தால் எல்லோரும் ஒரே டயர் அளவில் வாருங்கள். எட்டு வண்டியும் 700-சி என்றால் யாருடைய டியூபும் யாருக்கும் ஆகும். ஒருவர் மட்டும் 26 அங்குலத்தில் வந்தால் அவருக்கான டியூப் அவரிடம் மட்டும்தான் இருக்கும்.

புறப்படும் முன் நல்ல மெக்கானிக்கிடம் இரண்டு சக்கரமும் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை, செயின், பியரிங் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். புது சீட், புது ஷூ, புது ஹேண்டில் என்று எதையும் பயணத்துக்கு முந்தின வாரம் மாற்றாதீர்கள்.

முதுகுப் பை வேண்டவே வேண்டாம். தோள் வலிக்கும், முதுகு வேகும், பையின் பாரம் முழுக்கச் சீட்டில் இறங்கும். பின் கேரியரில் இருபுறமும் தொங்கும் பைகள்தான் சரி. ஆளுக்கு ஏழு கிலோவுக்கு மேல் வேண்டாம். ஓட்டும் உடை இரண்டு செட், மாலை உடுத்த ஒன்று, லுங்கி அல்லது இரவு உடை, செருப்பு, மழைக் கோட்டு, துண்டு, முன் பின் விளக்கு, தலைக்கவசம், ஆதார் நகல். துணிகளைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றித்தான் பைக்குள் வையுங்கள்.

கருவிகள் ஆளுக்கு ஒன்று தேவையில்லை, கூட்டத்துக்கு இரண்டு வேண்டும். பம்ப் இரண்டு, டயர் கழற்றும் லீவர் இரண்டு செட், ஆலன் கீ, செயின் கட்டர், செயின் இணைப்பு, பிரேக் வயர், நான்கு ஸ்போக்ஸ் கம்பி, மடித்து வைக்கும் உபரி டயர் ஒன்று. இரண்டில் ஒரு செட் முன்னால் போகிறவரிடமும் இன்னொன்று கடைசி ஆளிடமும் இருக்க வேண்டும். டியூப் மட்டும் ஆளுக்கு இரண்டு. மெல்லிய பிரெஸ்டா வால்வு வண்டி என்றால் கிராமத்துக் கடைப் பம்ப் அதில் பொருந்தாமல் போகலாம். சுண்டு விரல் நுனி அளவில் பித்தளை அடாப்டர் கிடைக்கும், விலையும் சொற்பம். எல்லோரும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: யார் எந்த வேலை

புறப்படுவதற்கு முந்தின வாரம் உட்கார்ந்து வேலைகளைப் பிரித்துவிடுங்கள். முன்னால் போகிறவர் பாதையும் வேகமும் பார்ப்பார். கடைசி ஆள் யாரையும் பின்னால் விடமாட்டார், என்ன நடந்தாலும் அவருக்குப் பின்னால் கூட்டத்தில் ஒருவரும் இருக்கக்கூடாது. இந்த இரண்டும் தினமும் மாறலாம். ஆனால் கடைசி ஆளாக வருகிறவர் பலசாலியாகவும் பஞ்சர் போடத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். பலவீனமானவர் தானாகவே கடைசியில் வந்து அவரையே கடைசி ஆள் என்று சொல்லிக்கொள்வது பல கூட்டங்களில் நடக்கும் தவறு.

கணக்கு ஒருவர். தொடக்கத்தில் ஆளுக்கு 5,000 ரூபாய் வாங்கிப் பொதுப் பணமாக வைத்துக்கொண்டால், டீ முதல் லாட்ஜ் வரை எல்லாம் அதிலிருந்து போகும். தீர்ந்தால் மறுபடி சமமாகப் போடுவது. "நான் ரெண்டு தோசை, அவர் நாலு தோசை" என்ற கணக்குக்கே இடம் கொடுக்காதீர்கள். மருந்துப் பை ஒருவர், அறை பேசுவது ஒருவர். எங்கள் கூட்டத்தில் ஒரு வங்கி ஊழியர் கணக்கைத் தினமும் இரவு ஒரு நிமிடத்தில் வாசித்துவிடுவார். பதினோரு நாளில் பணத்தைப் பற்றி ஒரு பேச்சுகூட எழவில்லை.

ஆறாம் படி: சாலையில் கூட்டமாகப் போவது

இதை நன்றாகப் படியுங்கள். எங்கள் முதல் பயணம் உடைந்தது இங்கேதான்.

அன்று மணமேல்குடி தாண்டியதும் இரண்டு பேர் வேகமெடுத்தார்கள். மீமிசலில் டீக்கு நிற்பதாகப் பேச்சு. காற்று தள்ள, பேச்சு சுவாரசியத்தில் அவர்கள் மீமிசலையும் தாண்டிப் பதினொரு கி.மீ. போய்விட்டார்கள். பின்னால் ஒரு அக்கா தனியாக வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பஞ்சர். கையில் டியூப் இருந்தது, பம்ப் முன்னால் போனவர்களிடம். போனில் சிக்னலும் சரியில்லை. நாற்பது நிமிடம் ஒரு பனை நிழலில் நின்றிருக்கிறார். நாங்கள் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது அவர் திட்டவில்லை. பாட்டிலில் கடைசியாக இருந்த தண்ணீரால் முகத்தைக் கழுவிக்கொண்டு, "வாங்க போகலாம்" என்று மட்டும் சொன்னார். அன்று மாலை யாரும் யாரோடும் பேசவில்லை. மறுநாள் ராமநாதபுரத்தில் பஸ் ஏறிய முதல் ஆள் அவர்தான். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை.

அதற்குப் பிறகு மூன்று விதிகளை நாங்கள் மீறியதே இல்லை. எந்தத் திருப்பத்திலும் முன்னால் வருபவர் நின்று, அடுத்தவர் கண்ணில் பட்டு, அவர் திருப்பத்தைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகே நகர வேண்டும். பதினைந்து கி.மீ.க்கு ஒருமுறை, நிழல் உள்ள இடத்தில் எல்லோரும் கூட வேண்டும். கடைசி ஆள் வந்து சேர்ந்தவுடனே கிளம்பக்கூடாது, அவருக்கும் ஐந்து நிமிடம் ஓய்வு உண்டு. மூன்றாவது விதியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். முன்னால் வந்தவர்கள் பத்து நிமிடம் இளைப்பாறிவிட்டு, மெதுவாக வந்தவர் இறங்கிய உடனே "சரி, போலாமா?" என்றால், ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவருக்கு ஓய்வே கிடைக்காமல் போகும்.

போக்குவரத்து உள்ள இடத்தில் எப்போதும் ஒற்றை வரிசை. சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரையும், எல்லா ஊர் எல்லைகளிலும் இதில் சலுகையே கிடையாது. ஒரு சைக்கிள் நீளத்துக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். முன் சக்கரம் முன்னவரின் பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் தொட்டால் விழுவது பின்னால் இருப்பவர்தான். முன்னால் போகிறவர் "குழி!", "மணல்!", "நிக்கிறேன்!" என்று கத்த வேண்டும், ஒவ்வொருவரும் அதைத் திருப்பிச் சொல்லிப் பின்னால் கடத்த வேண்டும். பின்னாலிருந்து "பஸ் வருது!" என்று வந்தால் அது முன்னால் வரை போக வேண்டும். முதல் நாள் வெட்கமாக இருக்கும், மூன்றாம் நாள் தூக்கத்தில்கூட "குழி" என்பீர்கள்.

எதிர்காற்றோ பக்கக் காற்றோ பலமாக இருந்தால் நெருங்கிப் போங்கள். முன்னால் இருப்பவர் காற்றை உடைப்பதால் பின்னால் வருகிறவருக்கு உழைப்பு நன்றாகக் குறையும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னவர் ஒதுங்கிப் பின்னால் வரட்டும். களைத்தவரை முன்னால் விடாமல் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: ஒரு நாள் எப்படிப் போகும்

காலை 4:45-க்கு அலாரம். ஜனவரியில் சூரியன் ஆறரைக்கு ஒட்டித்தான் உதிக்கும். விளக்குப் போட்டுக்கொண்டு ஆறேகாலுக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். கிளம்பும் நேரம் என்றால் சக்கரம் உருளும் நேரம். ஆறேகாலுக்குப் பையைக் கட்டத் தொடங்குவது கணக்கில் வராது. பையை முந்தின இரவே கட்டி வைத்துவிடுங்கள்.

ஓடும் வேகம் 18 என்றாலும் நிறுத்தங்களைச் சேர்த்தால் மணிக்கு 13 அல்லது 14 கி.மீ.தான் வரும். 95 கி.மீ. நாள் ஏழு மணி நேரம் பிடிக்கும். ஆறேகாலுக்குக் கிளம்பினால் ஒன்றேகால் மணி. எட்டரைக்குள் டிபன், பதினொன்றுக்கு மோரோ இளநீரோ, மதிய உணவை முடிந்தவரை சேரும் ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மறுபடி மிதிப்பது கொடுமை.

பசிக்கும் முன் சாப்பிடுவது, தாகம் எடுக்கும் முன் குடிப்பது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு வாழைப்பழமும் இரண்டு கடலை மிட்டாயும் என்று வைத்துக்கொண்டால் உடம்பு சோராது. வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடிக்காதீர்கள், வியர்வையில் போகிற உப்பும் திரும்பி வர வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வைத்திருங்கள். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, அளவு மாறக்கூடாது. ராமநாதபுரம் தாண்டிய பிறகு கடைகளுக்கு இடைவெளி அதிகம், அன்று ஆளுக்கு மூன்று லிட்டர். யாராவது உளறலாகப் பேசினாலோ, வெயிலில் வியர்ப்பது நின்றுபோனாலோ உடனே நிழலில் படுக்க வைத்து, உடம்பை நனைத்து, 108-ஐ அழையுங்கள்.

கழிப்பறை பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் கூட்டத்தில் பெண்கள் இருந்தால் நாள் முழுக்க அதுதான் கவலை. கழிப்பறை இருக்காது என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள், அது ஆபத்து. பெட்ரோல் பங்குகளைத்தான் நம்ப வேண்டும். முந்தின இரவே வரைபடத்தில் பங்குகளைக் குறித்து, கூடும் இடங்களை அங்கேயே வைத்துவிடுங்கள். கேட்டு நிற்க வைக்காதீர்கள். நிறுத்தம் தானாகவே அங்கே அமைய வேண்டும்.

எட்டாம் படி: முள்

ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் சாலையின் இருபுறமும் சீமைக்கருவேலம். அதன் முள் டயருக்கு எமன். சாயல்குடிக்கு முன்னால் ஒரு மணி நேரத்தில் எங்களுக்கு மூன்று பஞ்சர், அதில் இரண்டு ஒரே சக்கரத்தில். புது டியூபை மாட்டி இரண்டு கி.மீ. போனதும் மறுபடி காற்று இறங்கிவிட்டது. ஒரு சைக்கிள் கடை வாசலில் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினோம். கடைக்காரப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "முள்ளை எடுத்தியா தம்பி?"

நாங்கள் வெளியே தேடி, ஒன்றும் இல்லை என்று மாட்டியிருந்தோம். அவர் கிழிசல் துணியிலிருந்து கொஞ்சம் பஞ்சு போலப் பிரித்தெடுத்து, டயரின் உள்பக்கம் மெல்லச் சுற்றி இழுத்தார். ஓரிடத்தில் நூல் மாட்டி நின்றது. அங்கே விரலை வைக்கச் சொன்னார். கடுகளவு முனை, உள்ளே மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, வெளியே ரப்பரோடு ரப்பராக ஒடிந்து மறைந்துவிட்டிருக்கிறது. நகவெட்டியால் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இது உள்ளே இருக்குற வரை நீ எத்தன டியூப் மாத்துனாலும் ஒண்ணுதான்." காசு வாங்கிக்கொள்ளவில்லை, டீ வாங்கிக் கொடுத்தோம்.

ஆகவே வரிசை இதுதான். காற்றை முழுக்க இறக்கி, லீவரால் டயரின் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். டியூபை எடுத்துக் காற்றடித்து ஓட்டை எங்கே என்று பாருங்கள், அதே இடத்துக்கு நேராக டயரில் முள் இருக்கும். உள்பக்கம் முழுக்கத் துணியால் சுற்றித் துடையுங்கள். முள் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். புது டியூபில் இலேசாகக் காற்று விட்டு, முறுக்கு இல்லாமல் உள்ளே வைத்து, கையாலேயே டயரை ரிம்முக்குள் தள்ளுங்கள். லீவரால் நெம்பி மாட்டினால் டியூபைக் கடித்துவிடும். பழைய டியூபைச் சாலையில் ஒட்ட வேண்டாம். இரவு அறையில் உட்கார்ந்து, உரசி, சொல்யூஷன் தடவி, பசை காய ஐந்து நிமிடம் விட்டுப் பேட்ச் போடுங்கள். நிழலுக்காக வண்டியைக் கருவேல மரத்தடியில் நிறுத்துவது, ஒன்றுக்குப் போக வண்டியோடு சாலை ஓரம் இறங்குவது, இரண்டையும் நிறுத்தினால் பாதிப் பஞ்சர் குறைந்துவிடும்.

ஒன்பதாம் படி: மாலையும் இரவும்

அறைக்குப் போனதும் படுக்கையில் விழாதீர்கள். ஓட்டிய உடையோடு அப்படியே உட்கார்ந்திருந்தால் தொடை இடுக்கில் புண் தொடங்கும். நேராகக் குளியல், குளிக்கும்போதே அன்றைய உடையைச் சோப்புப் போட்டு அலசிவிடுங்கள். பிழிந்த துணியை உலர்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி முறுக்கினால் தண்ணீர் துண்டுக்குப் போய்விடும், மின்விசிறிக் காற்றில் காலைக்குள் காயும். காயாவிட்டால் மறுநாள் பைமேல் கட்டிக்கொண்டு ஓட்டுங்கள். எங்கள் வண்டிகள் எப்போதும் கொடிக் கயிறு போலத்தான் இருந்தன. பஞ்சு வைத்த சைக்கிள் டவுசருக்குள் ஜட்டி போடக்கூடாது, அதன் தையல்தான் உரசிப் புண்ணாக்கும். காலையில் அங்கே வாஸ்லைன் தடவிக்கொள்ளுங்கள்.

குறட்டை விடுகிறவர்களை ஒரே அறையில் போடுங்கள். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் இரண்டு இரவு தூக்கம் கெட்டவர் மூன்றாம் நாள் காரணமே இல்லாமல் சண்டை போடுவார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் எல்லோரும் உட்காருங்கள். நாளைய தூரம், கூடும் இடங்கள், யார் முன்னால், யார் கடைசி, கணக்கு. அப்புறம் ஒவ்வொருவரும் இன்று எது சங்கடமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாள் "ஒண்ணுமில்ல" என்பார்கள். எங்கள் கூட்டத்தில் நான்காம் நாள்தான் ஒரு தம்பி வாய் திறந்தான்: "எல்லாரும் எனக்காக நிக்கிறீங்கன்னு நினைச்சு நான் தண்ணி குடிக்கக்கூட நிக்கறதில்ல." அவன் ஏன் மதியமானால் துவண்டுபோகிறான் என்று அன்றுதான் புரிந்தது. மறுநாள் முதல் அவன் முன்னால் போனான், அவன் நின்றபோது எல்லோரும் நின்றோம். நாள் ஒன்றும் நீளவில்லை.

சாலையில் நாயும் நோயும்

மீனவக் கிராமங்களை விடியற்காலையில் கடக்கும்போது நாய்கள் துரத்தும். வேகம் எடுக்காதீர்கள். இறங்கி, வண்டியை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து, தள்ளிக்கொண்டு நடங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி. "சின்னக் கீறல்தானே" என்று பயணத்தைத் தொடரக்கூடாது.

ஒருவருக்குக் காய்ச்சலோ முட்டி வலியோ வந்தால் அவர் பஸ்ஸில் அடுத்த ஊருக்குப் போய்ச் சேரட்டும். தனியாக அனுப்பாதீர்கள், கூட ஒருவர் போக வேண்டும். இதைப் புறப்படும் முன்பே விதியாகப் பேசிவையுங்கள். அப்போதுதான் யாரும் தோற்றதாக நினைக்கமாட்டார்கள்.

கடைசி நாளும் திரும்புவதும்

திருச்செந்தூரிலிருந்து கிளம்பினால் தேரி எனப்படும் செம்மணலும் பனையும். உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டியில் போட்ட காப்பி எங்கே கிடைத்தாலும் நின்று குடியுங்கள். மணப்பாட்டில் மேட்டின் மேல் இருக்கும் தேவாலயத்திலிருந்து பார்த்தால் கடல் இரண்டு பக்கமும் தெரியும். அஞ்சுகிராமத்தில் எல்லோரும் கூடுங்கள். அங்கிருந்து கன்னியாகுமரி பத்துப் பன்னிரண்டு கி.மீ.தான். பயணம் முழுக்கக் கடைசியில் வந்தவரை முன்னால் விட்டு ஒரே வரிசையில் போய் இறங்குங்கள்.

திரும்புவதற்கு ரயில்தான் வசதி. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் மாலையில் கிளம்பும், நீங்கள் சேரும் நாளின் மறுநாளுக்குச் சீட்டு எடுங்கள். சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் பதிய வேண்டும். எட்டு வண்டி என்றால் முந்தின நாளே போய் இடம் இருக்குமா என்று கேட்டுவிட்டு, அன்று மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பயணச் சீட்டும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். விளக்கு, பம்ப், பாட்டில், வேகமும் தூரமும் காட்டும் மீட்டர் எல்லாம் கழற்றிப் பையில் போடுங்கள். கியர் இருக்கும் பக்கத்தில் பழைய அட்டை வைத்துக் கட்டுங்கள். பெடலைக் கழற்றுவதாக இருந்தால் இடது பெடல் மறை எதிர்ப்பக்கமாகச் சுற்றும் என்பதை நினைவில் வையுங்கள், இல்லையென்றால் இறுக்கிக்கொண்டே இருப்பீர்கள். பெயர், போன் எண், சேரும் ஊர் எழுதிய அட்டையை வண்டியில் இரண்டு இடத்தில் கட்டுங்கள்.

பொதுப் பணத்தில் மிச்சம் இருப்பதை ரயிலிலேயே பிரித்துக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். சென்னையில் வண்டியை வாங்கியதும் ஏறி உட்காரும் முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள், பார்சல் வண்டியில் ஏற்றி இறக்கியதில் வயர் விலகியிருக்கும்.